தேங்காய்த்திட்டில் எனக்குப் போர்த்திய பொன்னாடை

சென்னையிலிருந்து வந்த பேருந்து என்னைப் புதுச்சேரியில் இறக்கிவிட்டபோது என் இடது கால் செருப்பு பேருந்துக்குள்ளேயே தங்கிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதும் வேகத்துக்கு என் ஐம்பத்திரண்டு வயது முழங்கால் ஈடுகொடுக்கவில்லை. "செருப்பு, செருப்பு" என்று நான் கத்த, பேருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு போயேவிட்டது. மலேசியாவிலிருந்து நல்லபடியாகப் பறந்து வந்தவள், கடைசி மூன்று கிலோமீட்டரை ஒற்றைச் செருப்போடு முடித்தேன்.

சாரம் என்ற பகுதிக்குப் போகும் டெம்போவில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் நான் பதினொன்றாவது ஆள். பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, ஒத்தக் கால்ல வர்ற?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "எறங்கற எடத்துல கடை இருக்குது, புதுசு வாங்கிக்கோ. அதையும் எங்கனா உட்டுடாத" என்று புத்தி சொன்னார்.

வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் வண்டி நெரிசலில் நின்றது. கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல், பிளாஸ்டிக் பைகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. நாற்றம் வண்டிக்குள் ஏறியது. பதினொரு பேரில் பத்துப் பேரும் முந்தானையையோ கைக்குட்டையையோ ஒரே நேரத்தில் மூக்கில் வைத்தார்கள். பேச்சு நிற்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பாலம் கடந்ததும் எல்லோரும் கையை எடுத்தார்கள். எனக்கு நாற்றத்தைவிட அந்தப் பழக்கம்தான் உறுத்தியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேராக் மாநிலத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். அலையாத்திக் காட்டுக்குக் கன்று வளர்க்கும் நாற்றங்காலில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. பெரிய படிப்பு இல்லை. முழங்கால் சேற்றில் நின்றே தெரிந்துகொண்டதுதான் எல்லாம். என் அம்மா கல்யாணமாகி மலேசியா வந்தார். அவருடைய தங்கை புதுச்சேரியிலேயே இருந்துவிட்டார். அந்தச் சின்னம்மாவின் மகன் ரவி, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருந்தான். ஏழாம் நாள் கிரகப்பிரவேசம். அதற்காகத்தான் வந்தேன்.

ரவியும் அவன் மனைவி செல்வியும் அதே தெருவில் வாடகை வீட்டில் இருந்தார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதும் செல்விக்குச் சிரிப்பு. "சினிமா ராஜா மாதிரி பேசறீங்கக்கா. இங்க 'சாப்ட்டியா'தான்" என்றாள். இரவு வடகம் தாளித்த நண்டுக் குழம்பு. அந்த வடக மணத்துக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். ஆனால் நண்டின் ஓட்டை உடைத்தால் உள்ளே பாதி தண்ணீர். எங்கள் ஊரில் இப்படிச் சதையில்லாத நண்டு வலையில் வந்தால் திருப்பி விட்டுவிடுவோம். அதைச் சொன்னேன். "இதுக்கே மார்க்கெட்டுல அடிதடிக்கா" என்றாள் செல்வி.

மறுநாள் காலை அவளோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். "வழி வழி வழி" என்று தலையில் மூட்டையோடு வருகிறவர்கள் நம்மை நிறுத்திக் கேட்பதில்லை, ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். பூக்கடை தாண்டி, ஈரத் தரையில் வழுக்கி, மீன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மூலையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கால் கட்டிய பச்சை நண்டுகளைத் தட்டில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றைத் திருப்பி அடிவயிற்றை விரலால் அழுத்தினேன். அமுங்கியது. கீழே வைத்தேன்.

"இன்னாம்மா, டாக்டரு மாதிரி அமுக்கிப் பாக்கற?"

"சதை இல்லம்மா. உள்ள தண்ணிதான் இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? உனக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரு நீ?"

சொன்னேன். அவள் தட்டை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தாள். பெயர் அஞ்சலை. கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடிய பிறகு காவலாளி. அப்போதிலிருந்து அஞ்சலை ஆற்றில் இறங்கி நண்டு பிடிக்கிறாள். தேங்காய்த்திட்டுப் பக்கத்து அலையாத்திக் காடுதான் அவளுக்குச் சோறு.

"முன்ன இந்தக் கை அளவு நண்டு புடிச்சிருக்கேன். இப்ப காடே காஞ்சிகினு வருதுக்கா."

"எங்கேருந்து காயுது? அடியிலயா, உச்சியிலயா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உச்சியிலேருந்து. இத்தினி பேரு வந்து போட்டோ புடிச்சாங்க. ஒருத்தரும் இதக் கேக்கல."

உச்சியிலிருந்து காய்ந்தால் பெரும்பாலும் மரத்துக்கு நோய் கிடையாது. உள்ளே தண்ணீர் வந்து போகவில்லை என்று அர்த்தம். வெயிலில் உப்பு ஏறி ஏறி, மரம் மேலேயிருந்து கைவிட ஆரம்பிக்கும். இதைச் சொன்னதும் அஞ்சலை பக்கத்துக் கடைக்காரியிடம், "நான் சொன்னேன் இல்ல?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அங்க கன்னு நடற விழா. கன்னு பூரா நாங்க ஆறு பொம்பளைங்க தினக்கூலிக்கு வளத்தது. நடற எடம் அது இல்லன்னேன். யாரு கேட்டா? நீ வந்து சொல்லு. வெளிநாட்டுக்காரி சொன்னா கேப்பாங்க."

நான் போனேன்.

ஆற்றங்கரையில் பந்தல், சிவப்பு நாற்காலிகள், தண்ணீர் பாட்டில் பெட்டிகள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் இருவர் நிழலில் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பி. மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் அடர்ந்த அலையாத்திக் காடும் நடுவே மரப்பாலமும். எங்கேயோ பார்த்த பாலமாக இருக்கிறதே என்று கிட்டே போனேன். எங்கள் ஊர்ப் பாலம்! நாங்கள் கைப்பிடிக்கு எண்ணெய் பூசிய பாலம். புதுச்சேரிக் காட்டை மீட்கும் விழாவுக்குப் புதுச்சேரிக் காட்டில் ஒரு படம் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை கீழே நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கும் வற்ற நேரம் என்பதால் ஆற்றுச் சரிவில் சேறு வெளியே தெரிந்தது. அந்தச் சரிவில் கயிறு கட்டி, வரிசையாகக் கன்று வைத்தார்கள். நாளில் பாதிக்கு மேல் தண்ணீருக்கடியில் இருக்கிற இடம் அது. அலையாத்தி என்றால் தண்ணீருக்குள்ளேயே வாழும் என்று நினைக்கிறார்கள். அதற்கும் மூச்சு வேண்டும். அதற்காகத்தான் அது வேரை மேலே நீட்டுகிறது. கைக்குழந்தை மாதிரி இருக்கும் கன்றைப் பாதி நாளுக்கு மேல் மூழ்கடித்தால் என்ன ஆகும்?

பல கன்றுகள் பிளாஸ்டிக் கவரோடேயே சேற்றுக்குள் போயின. ஒரு ஆசிரியையிடம், "கவரைக் கிழிச்சிட்டு வைக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். "நேரம் இல்லைங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு, போட்டோ எடுக்கணும்" என்றார். அஞ்சலையும் மற்ற ஐந்து பெண்களும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். கன்றை வளர்த்தவர்களை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. கைகழுவத் தண்ணீர் ஊற்றத்தான் கூப்பிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் பேட்ஜ் குத்தியிருந்த ஓர் அதிகாரியிடம் போனேன். எந்தத் துறை என்பதை எழுதப் போவதில்லை. "சார், இந்த எடத்துல எவ்வளவு நேரம் தண்ணி நிக்குதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"மேடம், நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"மலேசியா. அங்க அலையாத்தி நாற்றங்கால்லதான் வேலை. இங்க நட்டா..."

வாக்கியத்தை முடிக்க விடவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடிக்காத குறையாக மேடைக்கு அழைத்துப் போனார். மைக்கில், "மலேசியாவிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் அலையாத்தி நிபுணர்" என்று அறிவிப்பு. நான் "இல்லை, இல்லை" என்பதற்குள் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. கை தட்டினார்கள். கேமராக்கள் மின்னின. மைக்கை நான் கேட்டபோது, "நேரம் இல்ல மேடம், தேசிய கீதம்" என்று அதை எடுத்துக்கொண்டார்கள். தேசிய கீதத்தின்போது எப்படிச் சண்டை போடுவது? நிமிர்ந்து நின்றேன். அப்போது எடுத்த படத்தில் நான் கம்பீரமாகத்தான் இருந்தேன்.

பந்தல் காலியானதும் அஞ்சலை என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். புதர் தாண்டி ஒரு மண் பாதை. எப்போதோ கட்டட வேலைக்கு லாரி போகப் போட்டது. வேலை முடிந்தும் அகற்றவில்லை. பாதைக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் காடு. ஆற்றுப் பக்கத்து மரங்கள் பச்சையாக இருந்தன. காட்டுப் பக்கம் உச்சிகள் வெளுத்து, எலும்பு மாதிரி நின்றன. சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கீழே குனிந்து தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"பாதைக்கு அடியில ரெண்டு கொழா இருக்குதுக்கா. அது வழியா தண்ணி போய் வரும். இப்ப பாரு."

பார்த்தேன். குழாய்கள் இருந்த இடத்தில் ஒரு மலை. உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, கழிவறைப் பீங்கான், ஜன்னல் சட்டம், டைல்ஸ். டிப்பரில் கொண்டுவந்து பாதையிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளியிருக்கிறார்கள். மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அவற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். ஒரு கட்டியைப் புரட்டினேன். அடியில் வேர்கள் அழுகிக் கறுத்திருந்தன.

எங்கள் ஊர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் இந்த முட்டாள்தனத்தை நாங்கள் செய்திருக்கிறோம். ஒரே இடத்தில் மூன்று தடவை நட்டோம், மூன்று தடவையும் செத்தது. நானே என் கையால் நட்டேன். நாலாவது தடவை நடாமல், பழைய இறால் பண்ணை வரப்பு ஒன்றை உடைத்துத் தண்ணீரை விட்டோம். விதைகள் தாமாக மிதந்து வந்து முளைத்தன. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது. புதுச்சேரியில் அஞ்சலைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தெரிந்தவளைக் கைகழுவத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார்கள். என் கோபம் அதுதான்.

"இதெல்லாம் யார் கொட்றது?"

"ஊரே கொட்டுதுக்கா. வூடு இடிச்சா இங்கதான்."

சாயங்காலம் சாப்பாட்டின்போது ரவியிடம் கேட்டேன். "நம்ம பழைய வீட்டை இடிச்சியே, அந்த இடிசலை எங்கே போட்டாங்க?"

"யாருக்குத் தெரியும்? காண்ட்ராக்டர் எடுத்துட்டுப் போனாரு. ஆத்தோரமாதான் போயிருக்கும். எல்லாரும் அங்கதான் போடறாங்க."

"அது காடு ரவி."

"காடா? அது சேறுக்கா. கொசு."

நான் அந்த வேர்களைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்டான், ஆனால் அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "இருவது வருசம் சேத்து வச்சு ஒரு வீடு கட்டியிருக்கேன். வாழ்த்த வந்தியா, குத்தம் சொல்ல வந்தியா? நீ ஒரு வாரம் இருந்துட்டுப் போயிடுவ."

செல்வி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "முந்தாநேத்து அந்தச் சேத்து நண்டைத்தானே சாப்ட்டோம்" என்றாள்.

நான்காம் நாள் காலைப் பத்திரிகையைச் செல்விதான் கொண்டுவந்து நீட்டினாள். பொன்னாடையோடு நான். கீழே: 'அலையாத்தி நடவுப் பணிக்கு மலேசிய நிபுணர் பாராட்டு.' நான் சொல்லாத இரண்டு வரிகள் மேற்கோள் குறிக்குள் இருந்தன. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாராட்டுனதாதானேம்மா போட்டிருக்கு? திட்டுனதாவா போட்டிருக்கோம்?" என்றார்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். அஞ்சலை என்னைப் பார்த்ததும் நண்டுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி பத்திரிகையை விரித்து வைத்திருந்தாள்.

"அஞ்சலை, நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நேத்து வரைக்கும் நான் சொல்றது தப்புன்னு அவங்க மட்டும்தான் சொன்னாங்க. இன்னிக்கு மலேசியாவும் சொல்லிடுச்சி."

வீட்டுக்குத் திரும்பினேன். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு டெம்போ ஏறினேன். வெளி பெஞ்சில் மதியம் வரை உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும் பொன்னாடையை அவர் மேசையில் வைத்தேன். "நான் பாராட்டல சார். அந்தக் கன்று ஒண்ணுகூடப் பிழைக்காது. பின்னாடி குழாய் அடைச்சிருக்கு, அதைத் திறந்தா போதும்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். காப்பி சொல்லி அனுப்பினார். "மேடம், எங்க திட்டம் கன்று நடறது. நட்டாச்சு. கொழா இருக்கற பாதை எங்களுது இல்ல, வேற துறை" என்றார். அந்த வேறு துறைக்குப் போனேன். பாதை தங்களுடையதுதான், குப்பை தங்களுடையது இல்லை என்றார்கள். குப்பைத் துறைக்குப் போனேன். வீட்டுக் குப்பைதான் அவர்களுடையது, வீடே குப்பையானால் அது அவர்களுடையது இல்லையாம். மூன்று அலுவலகங்கள், மூன்று டெம்போக்கள், ஒரு மசால் வடை. சாயங்காலம் மறுபடி முதல் அதிகாரியிடமே வந்து நின்றேன். "கன்று வளர்த்த அந்தப் பொம்பளைங்களே அந்தக் குழாயைத் தோண்டி எடுத்தா யாராவது தடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. முத்திரை குத்திய நகலை அஞ்சலையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"நாளைக்கு அமாவாசை. பெரிய ஏத்தம் வரும். மத்தியானம் வத்தத்துல தோண்டுனா, சாயங்காலம் தண்ணி உள்ள பூரும்" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலை நான் கிளம்பும்போது புது வீட்டு வாசலில் ஒரு டிப்பர் நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு வாசலைச் சுத்தம் செய்கிறார்கள். பழைய மதில் சுவரின் மிச்ச இடிசலை ஆட்கள் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரவியிடம், "இது எங்க போகுது?" என்றேன். "நான் சொல்லிடறேன்க்கா, நீ போ" என்றான்.

கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டியோடு ஆறு பெண்களும் வந்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே இருந்த சிமெண்ட் கட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தோம். அடியில் போகப் போக சாக்கு, டயர், ஒரு முழு வாஷ்பேசின். கண்ணாடிச் சில்லு ஒரு பெண்ணின் உள்ளங்கையைக் கிழித்தது. துணி கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மதியம் தாண்டி ஒரு குழாயின் வாய் தெரிந்தது. அஞ்சலை அதற்குள் கையை விட்டு, தோள் வரை விட்டு, "அந்தப் பக்கம் காத்து வருது!" என்று கத்தினாள்.

அந்த நேரத்தில்தான் பாதையில் டிப்பர் சத்தம். எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. காலையில் ரவி வீட்டு வாசலில் நின்ற அதே வண்டி. ரவி சொல்லவில்லை.

டிரைவர் பின்பக்கம் திருப்பி, சரியாக நாங்கள் தோண்டிய இடத்துக்கு நேராக நிறுத்தினான். "ஒதுங்கும்மா, லோடு எறக்கணும்."

"இங்க எறக்கக் கூடாது" என்றேன்.

"எப்பவும் இங்கதான எறக்கறோம். இது ஒண்ணுதான், கடைசி லோடு."

அஞ்சலை சேறு வழியும் புடவையோடு ஏறி வந்து, வண்டியின் பின் சக்கரத்தை ஒட்டிப் பாதையில் உட்கார்ந்தாள். மற்ற ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். என் முழங்கால் மடங்க நேரமானாலும் நானும் உட்கார்ந்தேன். டிரைவர் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டான். நான் ரவிக்குப் போட்டேன். செல்விதான் எடுத்தாள். சொன்னேன். "இருங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் வந்தார்கள். ரவியின் முகம் கடுகடுவென்று இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பாதையோரம் போய்க் கீழே பார்த்தான். குழாய் வாயில் இன்னும் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பாளத்தில் பச்சைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அது அவன் வீட்டுச் சுவரா, வேறு யார் வீட்டுச் சுவரா, எனக்குத் தெரியாது. அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அதற்குப் பின்னால் வெளுத்து நின்ற மரங்களையும் பார்த்தான்.

"இத்தினி மரமா போச்சி?" என்று அஞ்சலையிடம் கேட்டான்.

"இன்னும் அந்தாண்ட இருக்குது, போய்ப் பாரு."

அவன் போகவில்லை. டிரைவரிடம் வந்தான். "வண்டிய எடு. எங்கேருந்து ஏத்துனியோ அங்கேயே கொண்டுபோய்க் கொட்டு."

"சார், உங்க வாசல்லயா? நாளன்னிக்கு விசேசம் சார்."

"என் வீட்டு இடிசல்தான? என் வாசல்லயே கெடக்கட்டும்."

டிப்பர் போனது. ரவி சட்டையைக் கழற்றி ஸ்கூட்டரில் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். செல்வி அதற்கு முன்பே இறங்கியிருந்தாள்.

மாலை ஐந்து மணி இருக்கும். முதலில் குழாய்க்குள் ஒரு சத்தம், யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரி. பிறகு நுரையோடு மெல்லிய ஓடை. அது விரல் தடிமனாகி, தொடை தடிமனாகி, வெடித்த சேற்றுப் பாளங்களுக்கு நடுவே நுழைந்தது. காய்ந்த சேறு தண்ணீர் குடிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். அத்தனை பேரும் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம். மூச்சு வேர்கள் நுனியில் குமிழி விட்டன. கையில் துணி கட்டிய பெண் அழுதாள்.

ஏற்றத்தோடு ஆற்றுப் பக்கமிருந்து பச்சையாகச் சில மிதந்து வந்தன. இரண்டு நாள் முன்பு கைதட்டலோடு நட்ட கன்றுகள், கவரோடு. அஞ்சலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரையில் வைத்தாள். "என் புள்ளைங்களா" என்று திட்டுவது மாதிரியே சொன்னாள்.

ஏழாம் நாள் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே ஓர் இடிசல் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். பட்டுப் புடவைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "காண்ட்ராக்டர் ஏமாத்திட்டானா ரவி?" என்று கேட்டவர்களிடம் அவன், "இல்ல. இத எங்க போடறதுன்னு எனக்குத் தெரியல. உங்க வீட்டு இடிசல எங்க போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டான். பாயசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

நான் ஊர் திரும்பிய மறுவாரம் அந்தக் குவியலை அதே காண்ட்ராக்டர் எடுத்துப்போனாராம், ரெட்டியார்பாளையத்தில் கட்டும் ஒரு வீட்டுக்கு அடித்தளம் நிரப்ப. இத்தனை நாளும் அதற்கு ஒரு உபயோகம் இருந்திருக்கிறது. ஆற்றில் கொட்டுவது சுலபம், அவ்வளவுதான். போனில் செல்வி இதைச் சொன்னபோது நான் கத்திய கத்தலில் எங்கள் நாற்றங்காலே திரும்பிப் பார்த்தது.

தீபாவளி முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு அஞ்சலை கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பலகை வச்சிட்டாங்க. கொழா பக்கத்துலயே. கலர் கலரா."

"என்ன போட்டிருக்கு?"

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "மீட்டெடுக்கப்பட்ட அலையாத்திக் காடு. அனுமதியின்றி உள்ளே நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

"மீட்டது யார்னு போட்டிருக்கா?"

"தொறை பேரு போட்டிருக்கு. விருந்தாளி பேரெல்லாம் போட்டிருக்கு. எங்க பேரு இல்ல. கம்பி வேலியும் போட்டிருக்காங்க. நண்டுக்குப் போனா புடிப்பாங்களாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த முத்திரை குத்திய கடிதம், அந்த மூன்று அலுவலகங்கள், அந்தக் காப்பி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. யாருக்குப் போன் போடுவது, எங்கே மனு எழுதுவது என்று நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சளக் சளக்கென்று ஏதோ சத்தம்.

"அஞ்சலை, நீ இப்ப எங்க இருக்க?"

"உள்ளதான். எழுது, நீ எழுதற மனுவ எழுது. நான் வேலிக்கு இந்தாண்ட முழங்கால் சேத்துல நிக்கறேன். கன்னு மொளச்சிக் கெடக்குதுக்கா, யாரும் நடாத கன்னு, தரையே தெரியல. நண்டும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. எத மிதிக்காம வெளிய வர்றதுன்னு தெரியாமதான் உனக்குப் போன் போட்டேன்."